மரம் எதை உண்கிறது?
மாணாக்கர் உள்ளத்தில் புதிய கருத்து உருவாகும் வகை

நான்காம் ஆண்டு அறிவியல் பாடம். ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று கேட்டேன். வகுப்பிலிருந்த பதினொரு பிள்ளைகளும் ஒரே குரலில் விடை சொன்னார்கள்: பச்சைத் தாவரங்கள் சூரிய ஒளியின் துணையால் நீரையும் கரிவளியையும் கொண்டு தமக்கு வேண்டிய உணவைத் தாமே தயாரித்துக்கொள்ளும் முறை. ஒரு சொல் பிசகவில்லை. மூச்சு வாங்கிய இடங்கூட எல்லார்க்கும் ஒன்றாகவே இருந்தது. அந்த வாரச் சோதனையிலும் அக்கேள்விக்கு அனைவரும் முழுப் புள்ளி பெற்றிருந்தனர். ஆசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மணியடித்தது, வெளியே வந்தோம். பள்ளி வேலிக்கு அப்பால், தோட்டத்துச் செம்மண் சாலையில், உர மூட்டை ஏற்றிய லோரி ஒன்று செம்பனைக் காட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. "ஐயா, மரத்துக்குச் சாப்பாடு போகுது" என்றான் ஒரு பையன். விளையாட்டாகவே கேட்டேன்: "அப்படியா? மரம் எதைச் சாப்பிடும்?" பதினொரு வாயும் மீண்டும் ஒரே குரலில், "உரம்!" என்றன.

வகுப்பறையின் உள்ளே ஒரு விடை. வெளியே வேறொரு விடை. இரண்டிற்கும் இடையே இருந்த தொலைவு இருபது அடிதான். அந்த இருபது அடியைப் பற்றியே இக்கட்டுரையில் ஆசிரிய நண்பர்களோடு சிறிது உரையாட விரும்புகிறேன்.

சொல் வேறு, கருத்து வேறு

பிள்ளைகள் பொய் சொல்லவில்லை; மறந்துபோகவும் இல்லை. உள்ளே அவர்கள் சொன்னது ஒரு சொற்றொடர். வெளியே சொன்னது அவர்களுடைய கருத்து. கல்வியியலார் கருத்துரு என்று வழங்குவது இந்த இரண்டாவதைத்தான். ஒரு பொருளைப் பற்றியோ நிகழ்ச்சியைப் பற்றியோ பலமுறை கண்டும் கேட்டும் கையாண்டும் உள்ளத்தில் நாமே அமைத்துக்கொள்ளும் பொது எண்ணம் அது. சொல் அதற்கு இட்ட பெயர். பெயரை ஒரு நாளில் கற்பித்துவிடலாம். எண்ணத்தைக் கற்பிப்பது அத்தனை எளிதன்று. ஏனெனில் அதனைக் கட்ட வேண்டியவன் மாணவன். நாம் செங்கல் எடுத்துக் கொடுக்கலாம், கட்டுவது அவன்.

இதற்குத் தோட்டத்திலேயே சான்று உண்டு. நான் சிறுவனாக இருந்த எழுபதுகளில் எங்கள் லயத்தில் 'மரம்' என்றால் பால்மரந்தான். மாமரம், பலாமரம் என்று மற்றவற்றிற்கு அடைமொழி வேண்டும், பால்மரத்திற்கு வேண்டா. 'காடு' என்றால் அப்பா வேலைக்குப் போகும் இடம். ஆகவே முதலாம் வகுப்புப் பாடநூலில், காட்டில் சிங்கமும் புலியும் வாழும் என்று படித்தபோது, மறுநாள் விடியற்காலை அப்பாவைப் பெரட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று நான் அழுததாக என் தாயார் சொல்வார்கள். ஆசிரியர் சொன்ன காடும் நான் அறிந்த காடும் வெவ்வேறு. சொல் ஒன்றாக இருந்தமையால் ஆசிரியருக்கும் அது தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ரஷ்ய நாட்டு உளவியலறிஞர் வைகாட்ஸ்கி இதனைக் கூர்ந்து ஆராய்ந்தவர். அவர் 1934இல், முப்பத்தேழு வயதிலேயே காலமானார். 'சிந்தனையும் மொழியும்' என்னும் அவருடைய நூல் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. கருத்துகள் இரு வழியாகக் குழந்தைக்கு வருகின்றன என்பது அவர் கொள்கை. அன்றாட வாழ்விலிருந்து தானாக விளைவன ஒருவகை. பள்ளியில் முறையாகக் கற்பிக்கப்படுவன மற்றொருவகை. முன்னது அனுபவத்தில் தொடங்கி மேல் நோக்கி வளர்வது. அது உயிருள்ளது, ஆனால் ஒழுங்கில்லாதது. பின்னது வரையறையில் தொடங்கிக் கீழ் நோக்கி இறங்குவது. அது ஒழுங்குள்ளது, ஆனால் உயிரற்றது. இரண்டும் வழியில் சந்தித்தால்தான் மாணவன் ஒன்றைப் புரிந்துகொண்டான் எனலாம். எங்கள் பிள்ளைகளின் உள்ளத்தில் ஒளிச்சேர்க்கை மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. உரம் கீழே வேரூன்றி நின்றது. இரண்டும் சந்திக்கவேயில்லை.

பிள்ளையின் கருத்து மூடத்தனமானதா?

இவ்விடத்தில் நாம் செய்யும் பெரும்பிழை ஒன்று உண்டு. மாணவனிடம் முன்பே இருக்கும் கருத்தை அறியாமை என்று எண்ணித் துடைத்துவிட முயல்கிறோம். 'மரம் உரத்தை உண்கிறது' என்பது அறியாமையன்று. அது ஒரு கொள்கை. அதற்கு ஆதாரமும் உண்டு. உரம் போட்ட மரம் செழிக்கிறது. போடாத மரம் மஞ்சளாகிறது. வேர் மண்ணுக்குள் இருக்கிறது. மண்ணில்தான் உரம் விழுகிறது. ஆடு மாடு கோழி எல்லாம் வெளியிலிருந்து எதையோ தின்றே வளர்கின்றன. மரம் மட்டும் எப்படி விதிவிலக்காகும்? போதாக்குறைக்குப் பெரியவர்கள் பேச்சும் அப்படியே அமைந்திருக்கிறது. செடிக்கு உணவு என்று உரப்பையின் மேலேயே அச்சிட்டு விற்கிறார்கள். பாவம், பிள்ளை என்ன செய்யும்?

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்து அரிஸ்டாட்டிலும் ஏறக்குறைய இதையே கருதினார். தாவரம் தன் உணவை மண்ணிலிருந்து ஆயத்த நிலையில் பெறுகிறது என்றார். நெடுங்காலம் அதுவே அறிஞர் கொள்கையாக நின்றது. பதினேழாம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரத்து வான் ஹெல்மாண்ட் என்பவர் அதனைச் சோதித்துப் பார்த்தார். நன்கு உலர்த்திய மண் 200 ராத்தல் எடுத்து ஒரு தொட்டியிலிட்டு, அதில் 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். தூசு விழாமல் தொட்டியை மூடி, தண்ணீர் மட்டும் ஊற்றி வந்தார். ஐந்தாண்டு கழித்து மரத்தை நிறுத்தால் 169 ராத்தலும் ஏறத்தாழ மூன்று அவுன்சும். இன்றைய கணக்கில் 77 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மண்ணை மீண்டும் உலர்த்தி நிறுத்தார். குறைந்தது இரண்டே அவுன்சு!

அவர் மறைந்தபின் 1648இல் வெளியான நூலில் இச்செய்தி உள்ளது. மரம் மண்ணைத் தின்று வளரவில்லை என்பது உறுதியாயிற்று. அப்படியானால் 164 ராத்தல் எங்கிருந்து வந்தது? தண்ணீரிலிருந்தே என்று முடிவு கட்டினார் அவர். ஊற்றியது தண்ணீர் ஒன்றுதானே!

இதில் ஒரு விந்தை. காற்றுப்போல் பரவும் பொருள்களுக்கு 'காஸ்' என்னும் பெயரை முதன்முதலில் படைத்தவரே இந்த வான் ஹெல்மாண்ட்தான். 62 ராத்தல் மரக்கரியை எரித்தால் சாம்பல் ஒரு ராத்தலே எஞ்சுகிறது, மற்றதெல்லாம் ஒரு வாயுவாகப் போய்விடுகிறது என்று எழுதியவரும் அவரே. மரம் வாயுவாகப் போவதை அறிந்திருந்தார். ஆனால் வாயு மரமாக வரக்கூடும் என்று அவருக்குத் தோன்றவில்லை. இரண்டு செய்திகளும் ஒரே தலைக்குள் இருந்தன. இணைப்பு மட்டும் இல்லை. கருத்துரு என்பது அந்த இணைப்புத்தான் என்பேன்.

அந்த இணைப்பு உண்டாக மேலும் ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. மெழுகுவத்தி எரிந்து அணைந்த காற்றில் புதினாத் தளிரை வைத்தால், சில நாளில் அக்காற்றில் மெழுகுவத்தி மீண்டும் எரியும் என்று இங்கிலாந்தின் பிரீஸ்ட்லி 1771இல் கண்டார். அதற்கு வெளிச்சம் வேண்டும், பச்சைப் பகுதி வேண்டும் என்று இங்கென்ஹவுஸ் 1779இல் எழுதினார். மரத்தின் எடை கரியமில வாயுவிலிருந்தும் நீரிலிருந்தும் வருகிறது என்பதை ஜெனீவா நகரத்துத் தெ சொசூர் 1804இல் அளந்து காட்டினார். (கரியமில வாயு என்பதை இன்றைய பாடநூல் கரிவளி என்கிறது. எனக்கு இரண்டும் வரும்.) பேரறிஞர்கள் நூற்றைம்பது ஆண்டு நடந்த வழியைப் பத்து வயதுப் பிள்ளை முப்பது நிமிடப் பாடவேளையில் கடந்துவிட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். கடக்காவிட்டால் கவனக்குறைவு என்று குறிப்பேட்டில் எழுதுகிறோம்.

பழையதன் மேல் புதியதை ஊற்றினால்

பழைய கருத்தைக் கண்டுகொள்ளாமல் புதியதைச் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும்? இரண்டு தனித்தனி அறைகளில் குடியிருப்பது ஒன்று. அதை மேலே கண்டோம். தேர்வுக்கு ஒன்று, வாழ்வுக்கு ஒன்று. இது பள்ளிப் பிள்ளைகளோடு நின்றுவிடுவதும் இல்லை. 1997இல் அமெரிக்காவில் எடுத்த ஒரு கல்விப் படத்தில், ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகிய புகழ்பெற்ற கல்விக்கூடங்களில் பட்டம் பெற்ற இளைஞர்களிடம் ஒரு விதையையும் ஒரு மரக்கட்டையையும் காட்டி, இந்தக் கட்டையின் கனம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். மண், தண்ணீர் என்றே விடை வந்தது. காற்றிலிருந்து என்று சொன்னபோது நம்ப மறுத்தார்கள். ஒளிச்சேர்க்கை அவர்கள் படிக்காத பாடமா?

மற்றொன்று, இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒன்று பிறப்பது. இதுவே ஆசிரியர் கண்ணுக்கு எளிதில் அகப்படாதது. வோஸ்னியாடோ, புருவர் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்கப் பிள்ளைகளிடம் பூமியின் வடிவத்தைப் பற்றிக் கேட்டு 1992இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பூமி உருண்டை என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். மேலும் துருவிக் கேட்டால், அந்த உருண்டைக்கு உள்ளே ஒரு தட்டையான தரை இருக்கிறது, அதன்மேல் நாம் நிற்கிறோம் என்கிறார்கள் சிலர். உருண்டை என்று ஆசிரியர் சொன்னதையும் விடவில்லை. தட்டை என்று கண் சொன்னதையும் விடவில்லை. இரண்டையும் காப்பாற்ற ஓர் உலகத்தையே படைத்துவிட்டனர். இதில் பிள்ளையின் சிந்தனைத் திறனைக் கண்டு வியக்கத்தான் வேண்டும்.

எங்கள் வகுப்பிலும் அப்படி ஒன்று பிறந்தது. லோரி போன மறுநாள், மரம் உணவு தயாரிப்பதைப் படமாக வரையச் சொன்னேன். ஒரு சிறுமி வரைந்த படத்தில் வேர் உரத்தை உறிஞ்சி மேலே அனுப்புகிறது, இலையில் ஓர் அடுப்பு இருக்கிறது, சூரியன் நெருப்பு, உரம் அங்கே சமைந்து சாப்பாடாகிக் கிளைகளுக்குப் போகிறது. "கரிவளி எங்கேம்மா?" என்றேன். அடுப்பிலிருந்து மேலே போகும் புகையைக் காட்டினாள்.

யார் பிழை இது? 'இலைதான் மரத்தின் சமையலறை' என்று உவமை சொன்னவன் நான். சமையலறை என்றதும் அரிசி எது என்று அவள் தேடியிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த அரிசி உரம் ஒன்றுதான். உவமை நல்லது, நானும் நிரம்பப் பயன்படுத்துகிறேன். ஆனால் உவமையில் நாம் சொல்லாமல் விட்ட இடங்களைப் பிள்ளை தன் பழைய கருத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. எதைக் கொண்டு நிரப்பியது என்று கேட்டுப் பார்க்காமல் உவமையோடு பாடத்தை முடித்துவிடலாகாது.

நான் அடக்கிய கேள்வி

இவ்வளவும் தெரிந்தவன்போல் எழுதுகிறேனே. நான் தொடக்கத்திலிருந்தே இப்படிக் கற்பித்தவன் அல்லன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பியாஜேயைப் படித்தேன், வைகாட்ஸ்கியைப் படித்தேன். மாணவனுக்கு முன்பே என்ன தெரியும் என்பதைக் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்று ஆசுபெல் 1968இல் எழுதியதையும் தேர்வில் ஒரு பக்கம் எழுதிப் புள்ளி வாங்கினேன். அவையெல்லாம் எனக்கே தேர்வு அறையில் குடியிருந்த கருத்துகள். வகுப்பறைக்கு அவை வரவில்லை.

தொண்ணூறுகளின் இறுதியில், வேறொரு தோட்டப்பள்ளியில் பணியாற்றியபோது, இதே பாடத்தில் ஒரு பையன் எழுந்து, "ஐயா, காத்துக்குக் கனம் இருக்கா?" என்று கேட்டான். பாடத்துக்கு வெளியே போகாதே, உட்கார் என்றேன். வகுப்புச் சிரித்தது. உட்கார்ந்தான். அவ்வாண்டு முழுதும் அவன் மறுபடி எழுந்து கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அது பாடத்துக்கு வெளியே போன கேள்வியா? பாடத்தின் அடித்தளமே அதுதான்! காற்று என்பது ஒன்றுமில்லாத வெறுமை என்று எண்ணும் பிள்ளை, அந்த வெறுமையிலிருந்து கனமான மரம் உண்டாகிறது என்பதை எங்ஙனம் ஏற்கும்? ஏற்காமல் இருப்பதுதான் அறிவு. மாணவன் தடுக்கி நிற்பது ஒளிச்சேர்க்கையில் அன்று. அதற்குக் கீழே, நாம் பாடமே நடத்தாத ஒரு படியில். ஒரு கருத்து தனியே நிற்பதில்லை. அது வேறு கருத்துகளின் தோளில் ஏறி நிற்கிறது. அந்தப் பையன் எந்தத் தோள் இல்லை என்று கையைக் காட்டிச் சொன்னான். எனக்குத்தான் விளங்கவில்லை. விளங்கும்போது ஏறத்தாழ இருபது ஆண்டு கடந்துவிட்டது.

இடையில் 2003 முதல் அறிவியலை ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை வந்தது. பின்னர் 2009இல் அதனைக் கைவிட முடிவாகிப் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பினோம். அந்தக் கொள்கையைப் பற்றிப் பலர் பலவாறு எழுதியுள்ளனர். நான் அதற்குள் புகவில்லை. நான் கண்டது ஒன்றுதான். தமிழில் வரையறையை ஒப்பித்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் வரையறையை ஒப்பித்தார்கள். உரம் அப்படியே இருந்தது. மொழி மாறினாலும் அதை யாரும் தொடவில்லை.

பந்தும் விறகும்

படம் வரைந்த வாரத்தில் பாடத்திட்டத்தைச் சற்று ஒதுக்கி வைத்தேன். எங்களுடையது குறைந்த மாணவர் பள்ளி. தலைமையாசிரியனே பாடமும் நடத்துவதால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பிள்ளைகளிடம், "ஒளிச்சேர்க்கையை விடுங்கள். காற்றுக்குக் கனம் உண்டா?" என்று கேட்டு, ஒவ்வொருவர் விடையையும் பெயரோடு கரும்பலகையில் எழுதினேன். ஒன்பது பேர் இல்லை என்றனர். ஒருவன் உண்டு என்றான். ஒருத்தி, புயல் அடிக்கும்போது மட்டும் உண்டு என்றாள். (இது மிக நல்ல விடை. அவள் எதையோ கண்டு சிந்தித்திருக்கிறாள்.)

சமையற்கட்டுத் தராசு ஒன்றைக் கொண்டுவந்து, வடிவம் கெடாத அளவுக்குக் காற்றிருந்த காற்பந்தை நிறுத்தோம். பிறகு இறுக்கிக் காற்றடித்து நிறுத்தோம். நான்கைந்து கிராம் கூடியிருந்தது. தராசு கெட்டுப்போயிற்று என்றான் ஒருவன். காற்றை இறக்கி மீண்டும் நிறுத்தோம், எடை இறங்கியது. மூன்று முறை. தாமே பம்பை அடித்துத் தாமே பார்த்த பின்னர்தான் கரும்பலகையில் தம் பெயருக்கு எதிரே இருந்ததை அழிக்க ஒப்பினர். நான் அழிக்கவில்லை, அவர்களே அழித்தார்கள். இந்த வேறுபாடு பெரிது.

பின்னர் கணக்குப் போட்டோம். ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ. எங்கள் வகுப்பறை 9 மீட்டர் நீளம், ஏழரை மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம்; சற்றேறக்குறைய 200 கன மீட்டர். ஆக, அறைக்குள் 240 கிலோ காற்று இருக்கிறது. 50 கிலோ உர மூட்டையில் கிட்டத்தட்ட ஐந்து! பிள்ளைகள் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தார்கள். அதில் கரியமில வாயு எவ்வளவு என்று அந்தப் புயல் சிறுமி கேட்டாள். ஏறத்தாழ 150 கிராம் என்றேன். அவள் முகம் வாடியது. "அது மரத்துக்கு எப்படி ஐயா போதும்?" என்றாள். நல்ல ஐயம். காற்று ஓரிடத்தில் நிற்பதில்லை, இலையோ ஆயிரக்கணக்கில் இருக்கிறது, மரத்துக்கு அவசரமும் இல்லை என்றேன். அரை மனத்தோடுதான் உட்கார்ந்தாள்.

மறுவாரம் விறகு. காய்ந்த கிளைகளைக் கட்டி நிறுத்து, பள்ளி வளாகத்தின் மூலையில் பெரிய தகரத்தில் இட்டு எரித்தோம். எஞ்சிய சாம்பலை நிறுத்தோம். உலர்ந்த விறகில் சாம்பல் நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே தேறும். மற்றது எங்கே? புகையாய், கண்ணுக்குத் தெரியாத வாயுவாய், நீராவியாய்க் காற்றுக்குப் போயிற்று. காற்றில் போனது காற்றில் இருந்து வந்திருக்கலாம் அல்லவா? இதை நான் சொல்லவில்லை. சாம்பலை நோண்டிக்கொண்டிருந்த ஒருவன் சொன்னான். அவன் சொன்னதும் நான் வாயை மூடிக்கொண்டேன். ஆசிரியத் தொழிலில் இது மிகக் கடினமான வேலை.

உரத்தையும் அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டுமே! பழைய கருத்தை வெறுமனே தள்ளிவிட்டால் அது பின்வாசல் வழியாக வந்துவிடும். உரம் வீண் என்று பிள்ளை எண்ணிவிடவும் கூடாது. தோட்டம் இலட்சக்கணக்கில் செலவிட்டு வாங்குகிறது. அந்தச் சாம்பலைக் காட்டி, மண்ணிலிருந்து வந்த பொட்டாசியம், மெக்னீசியம் முதலிய சத்துகள் இதில்தான் இருக்கின்றன என்றேன். மெக்னீசியம் குறைந்தால் செம்பனையின் முதிர்ந்த மட்டைகள் மஞ்சளும் ஆரஞ்சுமாக நிறம் மாறுவதை எல்லாப் பிள்ளைகளும் கண்டிருக்கிறார்கள். இலையின் பச்சையத்தில் மெக்னீசியம் ஓர் உறுப்பு. அது இல்லையேல் பச்சையம் இல்லை. பச்சையம் இல்லையேல் சமையல் இல்லை. ஆக, உரம் அரிசியன்று; அடுப்புக் கட்டும் செங்கல். அரிசி, காற்றும் நீரும். என் பழைய உவமையை இப்படித்தான் பழுது பார்த்தேன். படம் வரைந்த சிறுமி தன் படத்தைக் கேட்டு வாங்கி, புகையின் அம்புக்குறியைத் திருப்பி உள்ளே விட்டாள்.

இலையை அயோடினில் நனைத்துக் கருநீலம் காட்டும் சோதனையையும் செய்தோம். பாடநூலில் இருக்கிறது, செய்ய வேண்டும். பிள்ளைகள் அதை மந்திர வித்தையாகவே பார்த்தார்கள். நிறம் மாறியது நினைவிருக்கும். அது எதைக் காட்டியது என்பது நினைவிருக்குமா என்பது ஐயமே.

காற்றையா வெட்டினேன்?

கருத்து உருவாயிற்றா என்பதை எப்படி அறிவது? கற்பித்த எடுத்துக்காட்டையே திரும்பக் கேட்டால் அறிய முடியாது. கற்பிக்காத இடத்தில் மாணவன் அதனைத் தானே எடுத்து ஆள்கிறானா என்று பார்க்க வேண்டும். இதற்கென்று ஒரு கேள்வி வைத்திருந்தேன். பால்மரத்தின் பால் எதனால் ஆனது? தூய ரப்பரில் இருப்பவை கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே. நூறு கிலோவில் ஏறத்தாழ 88 கிலோ கரி, எஞ்சியது ஹைட்ரஜன். கரி முழுவதும் காற்றிலிருந்து வந்தது. ஹைட்ரஜன் நீரிலிருந்து வந்தது. இதையெல்லாம் நான் சொல்லாமல், கேள்வியை மட்டும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து, முப்பது ஆண்டுக்கு மேல் பால் வெட்டிய ஒரு பாட்டி பேரனைக் கையோடு அழைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டார். "என்னங்கையா, புள்ளைக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க? பாலு காத்துலருந்து வருதுன்னு ராத்திரியெல்லாம் என்கிட்ட வம்பு பண்றான்" என்றார். நான் பையனைப் பார்த்தேன். அவன் பாட்டியிடமே திரும்பி, "பாட்டி, ரப்பர் துண்டு எரிஞ்சா சாம்பல் எவ்வளவு இருக்கும்? நீங்கதானே கட்டிப் பாலைப் போட்டு அடுப்பு மூட்டுவோம்னு சொன்னீங்க?" என்றான். கொஞ்சந்தான் இருக்கும், மற்றதெல்லாம் கரும்புகையாய்ப் போயிடும் என்றார் பாட்டி. "அப்ப அது எங்க போச்சோ அங்கேருந்துதானே வந்திருக்கும்?"

விறகில் கற்றதை ரப்பருக்கு அவனே கொண்டுபோயிருந்தான். அதை நான் கற்பிக்கவில்லை. பாட்டி சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அப்ப அத்தனை வருசமும் நான் காத்தையா வெட்டி மங்குல புடிச்சேன்?" என்று கேட்டுச் சிரித்தார். சிரிப்புக்குப் பின்னும் அவர் நெற்றிச் சுருக்கம் மாறவில்லை. பத்து வயதில் பேரனுக்கு நேர்ந்தது அவருக்கு எழுபதுக்கு மேல் நேர்ந்துகொண்டிருந்தது.

இப்போது அந்தப் பையன் இடைநிலைப் பள்ளியில் முதலாம் படிவம். அங்கே பாடமொழி மலாய். சென்ற மாதம் தோட்டத்துக் கடையில் சந்தித்தேன். அறிவியல் எப்படி இருக்கிறது என்றேன். "புதுச் சொல்லு நிறைய ஐயா. ஆனா 'போத்தோசிந்தேசிஸ்' நம்ம பந்துப் பாடந்தான்" என்றான். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டு வயதில் தம் சொற்களையெல்லாம் வாயிலில் கழற்றி வைத்துவிட்டு வேறு மொழிக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. சொல்லை மட்டும் பெற்றுப் போகும் பிள்ளைக்கு அங்கே கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. பல பிள்ளைகள் முதல் ஆண்டிலேயே பின்தங்கிப்போவதற்கு மொழி ஒன்றே காரணம் என்று நெடுநாள் நானும் சொல்லி வந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று நண்பர்கள் கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. ஒரு பாடவேளையில் முடிய வேண்டியது எனக்கு மூன்று வாரம் பிடித்தது. பின்னால் வந்த இரண்டு தலைப்புகளை ஓட்டமும் நடையுமாகத்தான் முடித்தேன். அவற்றில் பிள்ளைகள் ஒப்பித்தார்கள் என்பதையும் மறைக்கவில்லை. எல்லாத் தலைப்புக்கும் இப்படிச் செய்ய இயலாது. எந்தத் தலைப்பின்மேல் மற்றவை ஏறி நிற்கின்றனவோ அதற்கு மட்டும் செய்கிறேன். நான்காம் ஆண்டில் அப்படி மூன்றோ நான்கோதான் தேறும்.

இவ்வாண்டு நான்காம் ஆண்டின் முதல் அறிவியல் பாடமாகவே காற்பந்தை நிறுக்கும் வேலையை வைத்திருக்கிறேன். தராசு இருக்கிறது. பம்புதான் ஒழுகுகிறது, புதிதாக ஒன்று வாங்க வேண்டும்.